சும்மாடும் ஹெல்மெட்டும்

(திருத்தணியில் கட்டிடத் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வேலை செய்கிற இடத்தில் தலைக்கவசம் என்று தலைப்பு கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். வரும் வழியில் ஒரு தோழர் சிரிச்சார். "விடுதலை பத்திப் பேசற கூட்டத்துல ஹெல்மெட் பத்தி என்னத்தப் பேசப் போற? அதை டிராபிக் போலீஸ் பேசட்டுமே" என்றார். அவருக்குப் பதிலாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊருக்குத் தலையின் அருமை நல்லாவே தெரியும். 365 படி ஏறி முடி காணிக்கை கொடுக்கிறார்கள். மொட்டையடித்த கையோடு சந்தனம் பூசுகிறார்கள். எதுக்கு? கத்தி பட்ட தோல் எரியும், வெயில் சுடும். குழந்தை தலையாக இருந்தால் சந்தனத்துக்கு மேலே ஒரு துண்டையும் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். தலை என்றால் காப்பாற்ற வேண்டியது என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் இதே மலையைச் சுற்றி லாட்ஜ் கட்டுகிற இடத்தில், கல்யாண மண்டபம் கட்டுகிற இடத்தில், ஒரு பெண் பழந்துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் கலவைச் சட்டியை ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறாள். அந்தத் தலைக்கு என்ன பூசுகிறோம்?

எந்தத் தலையைக் காப்பது, எந்தத் தலையைத் திறந்து விடுவது என்பதை இந்த நாட்டில் சாதிதான் முடிவு செய்து வந்திருக்கிறது. நம்ம பாட்டன்மார் ஊர்த்தெருவில் நடந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை. எழுதி வைத்த சாட்சியும் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, ஆண்கள் கிராப்பு வெட்டக் கூடாது, பெண்கள் மேலே துணி போட்டு மூடக் கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில், குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பதும் இருந்தது. அம்பேத்கர் இதைத் தன் எழுத்தில் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார். குடை என்பது என்ன? வெயிலுக்கும் மழைக்கும் தலைக்கு ஒரு காப்பு. செருப்பு காலுக்குக் காப்பு. உச்சி முதல் உள்ளங்கால் வரை நம்ம உடம்பு காப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம்.

ரெட்டமலை சீனிவாசன் தலைப்பாகையோடு இருக்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1924ல் சென்னை சட்டசபையில், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தவர். துண்டை இறக்கு என்று சொன்ன சமூகத்தில் தலைப்பாகையோடு சட்டசபைக்குப் போனதும் ஒரு பேச்சுதான்.

சரி, தலையில் எதையும் வைக்கக் கூடாது என்று சொன்னவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் அனுமதித்தார்கள். அது சும்மாடு. சும்மாட்டின் மேல் அவர்கள் வீட்டு நெல்லு, அவர்கள் வீட்டு விறகு, கடைசியில் அவர்கள் வீட்டு மலம். கூடையில் மலத்தை வாரித் தலையில் சுமக்கும் வேலையைத் தடை செய்ய இந்த நாடு 1993ல் ஒரு சட்டம் போட்டது, அது போதாமல் 2013ல் இன்னொன்று போட்டது. நம்ம தலையை அவர்கள் ஒரு வண்டியாகப் பார்த்தார்கள். வண்டிக்கு எவன் கவசம் போடுவான்?

இப்போ என் வீட்டுக் கதைக்கு வரேன். எங்கம்மா சித்தாள். நைனா கூலி வேலை. அம்மாவுக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு மயிர் கிடையாது. சின்ன வயசில் அதைத் தொட்டுப் பார்த்து "இது என்னம்மா?" என்று கேட்பேன். "சும்மாடு உட்கார்ற எடம்டா" என்று சொல்லுவாங்க. ராத்திரியில் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பையே திருப்பிப் படுப்பாங்க.

நான் வளர்ந்து சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். எங்க தெருப் பையன் ஒருத்தன், வயசு 19, என்கூட வேலை செஞ்சான். சென்ட்ரிங் பிரிக்கிற நாள். மேலே ஒருத்தர் தகடு தட்டுகிறார், கீழே இவன் குனிந்து முட்டு பொறுக்கிக்கிட்டிருக்கான். தகடு தலையில் இறங்கிடுச்சு. உயிர் பிழைச்சான். பேச்சு ஓரளவுக்குத் திரும்ப ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் சொந்த அக்கா பேரைச் சொல்லக் கொஞ்ச நேரம் யோசிப்பான். அந்த சைட்டில் ஹெல்மெட் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு ஹெல்மெட் சிமெண்ட் ரூமில் பூட்டிக் கிடந்தது. அதிகாரி வரும் நாளில் எடுத்துக் கொடுத்து, அவர் ஜீப் திரும்பினதும் எண்ணி வாங்கிப் பூட்டுவார்கள். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து, "என்ன பண்றது, அவன் தலையெழுத்து" என்றார். நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. இப்போ சொல்றேன். அந்தத் தலையெழுத்தை எழுதினது பிரம்மா இல்லை. சிமெண்ட் ரூம் சாவியை இடுப்பில் வச்சிருந்தவன்.

கணக்கும் தெரிஞ்சுக்கணும். சுமார் 3 கிலோ எடையுள்ள செங்கல் பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால், தலைக்கு வரும்போது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம். இருபதடி என்றால் 39 கிலோமீட்டர். மெதுவாகப் போகிற மோட்டார் சைக்கிள் வேகத்தில் ஒரு கல் மண்டையில் மோதுகிறது. 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் கறாராகப் பிடித்தார்கள். ரோட்டில் நிறுத்தி அபராதம் போடுகிற அரசாங்கம், சாரத்துக்குக் கீழே நிற்கிற தலையை ஏன் எட்டிப் பார்க்கவில்லை? ரோட்டில் எல்லா சாதித் தலையும் போகிறது. சாரத்துக்குக் கீழே நிற்கிறது பெரும்பாலும் நம்ம தலை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கு. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்பு வகித்தவர் அம்பேத்கர். 1943 டிசம்பரில் ஜாரியா நிலக்கரி வயலுக்குப் போய், சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. நம்ம தலைவர்னு படம் மாட்டுகிறோம். அவர் தொழிலாளியின் குடியிருப்பையும் கூலியையும் வேலை நேரத்தையும் விடுதலைக்கு வெளியே வைத்துப் பார்த்ததில்லை. கட்டிடத் தொழிலாளிக்கு 1996ல் தனிச் சட்டம் வந்தது. 1998ல் வந்த மத்திய விதிகள், மேலிருந்து பொருள் விழக்கூடிய இடத்தில் வேலை செய்கிறவருக்கும் அதைக் கடந்து போகிற தொழிலாளிக்கும் தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டை முதலாளி கொடுக்க வேண்டும் என்று சொன்னது. இப்போது அந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களைச் சேர்த்து 2020ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொழிலாளர் உரிமை பல இதில் கரைந்து போனதென்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அது தனியாகப் பேச வேண்டியது. ஆனால் இந்தச் சட்டத்திலும் ஒன்று இருக்கு. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. "ஹெல்மெட்டுக்கு 150 ரூபா கூலியில் கழிச்சிட்டேன்" என்று எந்தக் கான்ட்ராக்டராவது சொன்னால், இந்த வரியை எடுத்துக் காட்டுங்கள்.

ஹெல்மெட் வந்தால் சாதி போயிடுமா? போகாது. பெரிய சைட்டுக்குப் போய்ப் பாருங்க. இன்ஜினியருக்கு வெள்ளை ஹெல்மெட், கூலியாளுக்கு மஞ்சள். அடையாளத்துக்காக வைத்த வழக்கம் என்பார்கள். வருணம் என்றாலே நிறம் என்றுதான் அர்த்தம் என்பதை நாம் மறக்க வேண்டாம். இன்னொன்று நான் கண்ணால் பார்த்தது. நம்மாள் கழட்டி வைத்த ஹெல்மெட்டை எடுத்துப் போட மாட்டேன் என்று ஒருத்தன் வெறுந்தலையோடு சாரத்தில் ஏறினான். "வேர்வை நாத்தம்" என்றான். டீக்கடை ரெட்டை கிளாஸுக்கு இது தம்பி. ஆளுக்கொரு ஹெல்மெட் வேண்டும் என்று நாமும் கேட்கிறோம். அளவு சரியாக இருக்கணும், தோல் வியாதி ஒட்டக் கூடாது, அதுதான் நம்ம காரணம். அவன் காரணம் வேற. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். மேஸ்திரிக்கு ஹெல்மெட் இருக்கு, கொத்தனாருக்கு இருக்கு, கம்பி கட்டுறவருக்கு இருக்கு. சித்தாளுக்கு இல்லை. கேட்டால், "அந்தம்மா தலையில சட்டி தூக்கணுமே, ஹெல்மெட் மேல சும்மாடு நிக்குமா?" என்கிறார்கள். உண்மைதான், நிற்காது. வழுக்கும். அதோடு ஹெல்மெட் சுமை தாங்கச் செய்யப்பட்ட பொருளும் இல்லை. ஆக ரெண்டில் ஒண்ணுதான் அந்தத் தலையில் இருக்க முடியும். ஒன்று கவசம், இல்லை என்றால் சுமை. முதலாளி சுமையைத் தேர்ந்தெடுத்துவிட்டான். நாமும் இத்தனை நாள் அதைக் கேள்வி கேட்கவில்லை. சங்கத்திலேயே ஆம்பளைகளுக்கு மட்டும் எண்ணி ஹெல்மெட் கேட்டிருக்கோம். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு லிட்டர் ஈரக் கான்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ. பத்து லிட்டர் பிடிக்கிற சட்டி என்றால் 24 கிலோ, சட்டி எடை தனி. 1998 விதிகள் பெண் தூக்குவதற்கு வைத்த வரம்பு 30 கிலோ, ஆணுக்கு 55. வரம்புக்குள்தான் இருக்கு என்பார்கள். ஒரு சட்டிக்கு வரம்பு சொன்னவர்கள், காலையிலிருந்து சாயந்திரம் வரை எத்தனை சட்டி என்பதற்கு வரம்பு சொல்லவில்லை. ஆகவே சித்தாளுக்கு ஹெல்மெட் கேட்பது என்றால், தலைச்சுமையை ஒழிக்கக் கேட்பது என்று அர்த்தம். கலவை மேலே போக லிப்ட் வை, கப்பியும் கயிறும் வை, தரையில் தள்ளுவண்டி வை. இதெல்லாம் சந்திரனிலிருந்து வர வேண்டிய சாமான் இல்லை. பெண் கூலி மலிவாகக் கிடைப்பதால்தான் வாடகைக்குக் கூட எடுக்காமல் இருக்கிறார்கள். "லிப்ட் வந்தா எங்க வேலை போயிடும்" என்று எங்க அக்காமார் பயப்படுவது நியாயம். அதனால்தான் கோரிக்கையை முழுசா வைக்கணும். லிப்டை இயக்குகிற வேலை, கம்பி கட்டுகிற வேலை, பூச்சு வேலை, இவற்றைச் சித்தாளுக்குக் கற்றுக் கொடு. முப்பது வருஷம் வேலை செஞ்சும் ஒரு பெண் ஏன் கொத்தனார் ஆவதில்லை? அவளுடைய கையை விட்டுவிட்டுத் தலையை மட்டும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஹெல்மெட் என்பது கடைசித் தடுப்பு, முதல் தடுப்பு இல்லை. இன்றைக்கு நாம் பார்க்கிற இந்தக் கெட்டித் தொப்பி அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 1919 வாக்கில் விற்பனைக்கு வந்தது. அதே ஊரில் 1933ல் தொடங்கிய கோல்டன் கேட் பாலத்தில் அதைப் போடாமல் வேலை செய்யக் கூடாது என்று வைத்தார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. பாலத்துக்கு அடியில் வலை கட்டினார்கள். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை பிடித்தது. அப்படியும் 11 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர் 1937 பிப்ரவரியில், சாரத்தோடு சேர்ந்து வலையும் அறுந்து போன ஒரே விபத்தில். நம்ம பக்கத்துக்கு வாங்க. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ந் தேதி கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் நிறைய. கட்டிடமே தலையில் விழும்போது ஹெல்மெட் என்ன செய்யும்? ஹெல்மெட் கொடுத்துட்டேன், என் கடமை முடிஞ்சது என்று எவனும் சொல்ல விடக் கூடாது.

சாக்கடைக் குழி விஷயத்தில் நாம் இன்னும் கறாராக இருக்கணும். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டு ஆளை இறக்கலாம் என்று பேசினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. விஷவாயுவுக்கு ஹெல்மெட் தெரியாது. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014ல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கு, சாவு நிற்கவில்லை. கட்டிடத்தில் நாம் கேட்பது கவசம். குழியில் நாம் கேட்பது மனுஷனை இறக்காதே என்பது. தலைக்கவசம் எங்கே உரிமை, எங்கே ஏமாற்று என்று பிரித்துப் பார்க்கத் தெரியணும்.

கையில் ஒரு ஹெல்மெட் கொண்டுவந்திருக்கேன். கைமாற்றிப் பாருங்க. மேலே ஓடு. உள்ளே தொட்டில் மாதிரிப் பட்டைகள். ஓட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, உயிரைக் காப்பாற்றுகிற இடம் அதுதான். அடி விழும்போது ஓடு அதைப் பரப்புகிறது, பட்டை இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பீடிக்கட்டு, தீப்பெட்டி, செல்போன் எதையும் சொருகாதீங்க. துண்டை மடித்துத் தடிமனாக உள்ளே வைக்காதீங்க. பின்பக்கத் திருகை முடுக்கி, குனிந்தாலும் விழாத அளவுக்கு வைக்கணும். அக்காமார் கொண்டையை உச்சியில் போடாமல் பிடரிக்குக் கீழே போட்டுக்கணும். தாடைப் பட்டையை மாட்டணும், இல்லாவிட்டால் தலை விழுவதற்கு முன்னாடி ஹெல்மெட் விழுந்துடும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2925 என்ற எண்ணும் இருக்கான்னு பாருங்க. அதுதான் தொழிற்சாலை, கட்டிட வேலைக்கானது. வண்டி ஹெல்மெட்டுக்கு எண் 4151, அது வேற. உள்பக்கம் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். பிளாஸ்டிக் வெயிலில் சாகும். நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தால், சிலந்தி வலை போல விரிசல் தெரிந்தால், தூக்கிப் போட்டு வேற கேளுங்க. தினம் காலையில் ரெண்டு பக்கமும் கையால் அமுக்கிப் பாருங்க, கறகறன்னு சத்தம் வந்தால் அது செத்த ஹெல்மெட். பலமாக ஒரு அடி வாங்கினால், வெளியே ஒண்ணும் தெரியாவிட்டாலும் அது வேலையை முடித்துவிட்டது. பட்டைகள் நைந்தால் உடனே மாத்தணும்.

சாயந்திரம் சோப்புத் தண்ணியில் கழுவி நிழலில் காய வைங்க. பட்டையில் வேர்வை ஊறினால்தான் அரிப்பு வரும், அரிப்பு வந்தால்தான் கழட்டி வைப்போம். மண் அள்ளாதே, தண்ணி மொள்ளாதே, போட்டு உட்காராதே, ஓட்டை போடாதே. தின்னரால் துடைக்காதே, பெயிண்ட் அடிக்காதே. நீலம் அடிக்கணும்னு எனக்கும் ஆசைதான். பெயிண்டில் இருக்கிற ரசாயனம் ஓட்டை அரிக்கும், விரிசலையும் மறைக்கும். நீல ஹெல்மெட்டாகவே வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊரில் நடக்கிற கட்டிட வேலையை, கல் குவாரியைப் போய்ப் பாருங்க. குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். மூணு கேள்வி போதும். ஹெல்மெட் தலையில் இருக்கா, ரூமில் இருக்கா? கூலியில் பிடித்தார்களா? சித்தாளுக்கு உண்டா, இல்லையென்றால் சுமை எப்படி மேலே போகிறது? எழுதிக் கொண்டுவாங்க. மனுவாக மாத்துவோம், துண்டறிக்கையாக மாத்துவோம்.

எங்கம்மா வேலைக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆச்சு. இப்போ தலையில் ஒண்ணும் தூக்கறதில்லை. ஆனாலும் தெருவில் நடக்கும்போது கழுத்தை அசைக்காமல், மேலே ஏதோ இருக்கிற மாதிரியே நடக்கறாங்க. சிரிச்ச தோழருக்கு நான் சொல்றது இதுதான். அந்தச் சுமை இன்னும் இறங்கலை. அடுத்த தலைமுறைத் தலைக்கு அது ஏறக் கூடாது.